ஹெட்செட்டின் முப்பாட்டன்

பாடப்புத்தகத்து மூலக்கூறுப் படங்கள் எனக்கு மண்டையில் ஏறியதே இல்லை. பல்கலைக்கழகத்தில் வி.ஆர். ஹெட்செட்டை மாட்டியதும் அதே மூலக்கூறு மூக்குக்கு முன்னால் மிதந்தது. இந்த வித்தை பிறந்தது நம் லண்டனில், 1838இல்!

ஒரு விரலை முகத்துக்கு முன்னால் பிடித்து, கண்களை மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுகிறது, இல்லையா? இரண்டு கண்களுக்கும் இரண்டு படங்கள். மூளை அவற்றைச் சேர்த்து ஆழத்தை உணர்கிறது. இதைக் காட்டியவர் ஸ்ட்ராண்ட் வீதியிலுள்ள கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் சார்ல்ஸ் வீட்ஸ்டன். முகம் பார்க்கும் கண்ணாடி இரண்டு, கோட்டுப் படம் இரண்டு. ஸ்டீரியோஸ்கோப் தயார். புகைப்படக்கலைகூட அப்போது உலகுக்கு அறிவிக்கப்படவில்லை.

மனிதருக்கு மேடைக் கூச்சம் வேறு. அவருடைய ஒலி ஆராய்ச்சிகளை மேடையில் விளக்கியவர் மைக்கேல் ஃபரடே. பேசக் கூசிய ஆசிரியர் பேசாமலே புரியவைக்கும் கருவியைச் செய்ததுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

படிகங்களுக்குள் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தை எக்ஸ் கதிர்களால் கண்டு, 1915இல் நோபல் பரிசு பெற்றவர்கள் ப்ராக் தந்தையும் மகனும். அந்த அடுக்கைத் தட்டைத் தாளில் எப்படிக் காட்டுவது? படிக மாதிரிகளை ஸ்டீரியோ புகைப்படங்களாக எடுத்து, லண்டனில் வெளியிட்டார்கள். கருவி வழியே பார்த்தால் அணுக்கள் முன்னும் பின்னுமாக நிற்கும்.

ஒரே குறை, தலையைத் திருப்பினாலும் படம் திரும்பாது. அதற்கு 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து தலையில் மாட்டும் திரையைக் கணினியோடு இணைத்தார். அதைக் கூரையிலிருந்துதான் தொங்கவிட்டிருந்தார்கள்!