குளச்சல் கடற்கரையில் உடலுழைப்பும் இதய நலமும்

குளச்சல், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையிலுள்ள பழைய துறைமுக ஊர். 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்கடித்த போரால் இவ்வூர் அறியப்படுகிறது. இங்கு முதன்மைத் தொழில் மீன்பிடிப்பு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இத்தொழிலில் மனித வலிமையின் இடத்தை எந்திரம் பிடித்தது. உடலுழைப்பு குறைந்தால் இதயத்துக்கு என்ன நேரும் என்பதை மருத்துவ உலகம் அறியத் தொடங்கியதும் அதே காலத்தில்தான்.

கட்டுமரக் காலம்

கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர்கள் காற்று வாய்த்தால் பாய் விரித்தனர். இல்லையெனில் துடுப்பு வலித்தனர். கரை திரும்பியபின் மரத்தை மணலில் மேலேற்ற வேண்டும். கரமடியில் ஆட்கள் இரு வரிசையாக நின்று நெடுநேரம் கயிறு இழுத்தனர். பெண்கள் மீன்கூடையைத் தலையில் சுமந்து உள்நாட்டு ஊர்களுக்கு நடந்தனர். உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று அன்று தேவைப்படவில்லை.

1953

1953இல் இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் பணியைத் தொடங்கி, எந்திரப் படகுகளை அறிமுகப்படுத்தியது. குளச்சலும் அப்போது அதே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்துடன் இணைந்தது. 1980களில் ஒட்டுப்பலகைப் படகுகளும் வெளிப்பொருத்து எந்திரங்களும் இம்மாவட்டக் கரைகளில் பரவின. இதனால் உடல் வருத்தம் குறைந்தது. தொலைவுக்குச் செல்லவும் முடிந்தது.

அதே 1953 நவம்பரில் ஜெரி மாரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவரின் ஆய்வு 'லான்செட்' இதழில் வெளியானது. அவரும் உடன் ஆய்ந்தவர்களும் லண்டன் போக்குவரத்துத் துறையின் சுமார் 31,000 ஆண்களை ஆராய்ந்தனர். ஓட்டுநர்கள் நாள் முழுதும் அமர்ந்திருந்தனர். நடத்துநர்கள் மாடிப் பேருந்தில் ஏறி இறங்கினர். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாகவும், பிந்திய வயதிலும், கடுமை குறைந்தும் வந்தது. ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவு பெரிதாக இருந்ததை 1956இல் மாரிஸே வெளியிட்டார். எனவே உழைப்பு மட்டும்தான் காரணமா என்ற கேள்வியும் எழுந்தது. ஆனால் அஞ்சல் துறையிலும், நடந்து கடிதம் கொடுத்தவர்களின் நிலை அமர்ந்து வேலை செய்தவர்களைவிட மேலாகவே இருந்தது.

துறைமுகத் தொழிலாளர்

அமெரிக்காவின் ரால்ஃப் பாஃபென்பார்கர் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் 6,351 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கடுஞ்சுமை தூக்கியவர்களின் இதய நோய் இறப்பு மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியே என்று 1975இல் தெரிவித்தார்.

பழைய உழைப்பு காக்குமா?

குளச்சல் போன்ற ஊர்களுக்கு மிகவும் பொருந்துவது அவருடைய 1978ஆம் ஆண்டு ஆய்வு. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பழைய மாணவர் 16,936 பேரில், இளமையில் விளையாட்டு வீரர்களாக இருந்து பின்னர் ஓய்ந்தவர்களுக்குப் பாதுகாப்பு மிஞ்சவில்லை. மாணவப் பருவத்தில் விளையாடாமல், பிற்காலத்தில் உடலை இயக்கியவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அதாவது இருபது வயதில் துடுப்பு வலித்த உடம்பு ஐம்பது வயது இதயத்தைக் காக்காது. தந்தையின் உழைப்பும் மகனுக்குச் சேராது.

உழைப்பாளிக்கு இதய நோய் வராது என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2021இல் வெளியான கோபன்ஹேகன் ஆய்வில், ஓய்வுநேர உடலியக்கம் நன்மையோடும் கடுமையான தொழில் உழைப்பு கூடுதல் ஆபத்தோடும் தொடர்புற்றிருந்தன. ஓய்வின்றிச் சுமை தூக்குவதால் இரத்த அழுத்தம் நெடுநேரம் உயர்ந்திருப்பது இதற்கு ஒரு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. புகையிலையும் உறக்கமின்மையும் உழைப்பவரையும் விட்டுவைப்பதில்லை.

இன்றைய நிலை

தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகியவற்றில் 14,227 பேரிடம் நடந்து 2014இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வில், 54.4 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். பத்தில் ஒன்பது பேருக்குமேல் ஓய்வுநேர உடற்பயிற்சி அறவே இல்லை.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். இதயத்தசை வலுப்பெறுதல், இரத்தக் குழாய்கள் நன்கு விரிதல், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுப்படுதல் ஆகியவை இதன் பயன்கள். விசைப்படகில் சுக்கான் பிடித்து அமர்ந்திருப்பவருக்கும், மீன்கூடையோடு வண்டியில் போகும் பெண்ணுக்கும், முன்பு தொழிலே தந்த இயக்கம் இன்று தனியே தேடிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. கரையோரமாக நாளும் அரைமணி நேரம் விரைந்து நடந்தால், ஐந்து நாளில் அந்த 150 நிமிடம் நிறைந்துவிடும்.