டெட்ஹெட்

அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் தீவிர ரசிகரைக் குறிக்கும் சொல். 1965இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய இக்குழு தன் பெயரை அகராதி ஒன்றிலிருந்து எடுத்தது. கடனோடு செத்த அந்நியனை ஒருவன் தன் காசில் அடக்கம் செய்ய, அந்த ஆவி பிறகு வந்து அவனுக்கு உதவும் நாட்டுப்புறக் கதை வகையின் பெயர் அது.

பெயரின் பின்பாதியோடு, அறுபதுகளின் கொச்சை வழக்கில் போதைக்கோ வேறெதற்கோ அடிமையானவரைச் சுட்டிய 'ஹெட்' ஒட்டிக்கொண்டது. ரசிகர்களிடம் முகவரி கேட்டு 1971ஆம் ஆண்டு இசைத்தட்டின் உறையில் வந்த அறிவிப்பு சொல்லைப் பரப்பியது.

ஓசிச் சீட்டில் நாடகம் பார்ப்பவரையோ ரயில் ஏறுபவரையோ 'டெட்ஹெட்' என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கு. இந்த ரசிகர்களோ ஊர் ஊராகக் குழுவின் பின்னே போய்ச் சீட்டு வாங்கியவர்கள். ஆனால், அரங்கின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒற்றை விரலை உயர்த்தியபடி இலவசச் சீட்டுக்குக் காத்து நின்றவர்களுக்குப் பழைய பொருளும் கச்சிதமாகப் பொருந்தும்.

ஒரே குழுவைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பாட்டு வரிசை இரவுக்கு இரவு மாறும். ஒரே பாட்டும் மனோதர்மத்தில் வேறாய் விரியும். எனவே ரசிகர்கள் ஒவ்வொரு கச்சேரியையும் பதிவுசெய்து, விற்காமல், நாடாவுக்கு நாடா மாற்றிக்கொண்டனர். 1984இல் குழுவே பதிவுசெய்பவர்களுக்கு அரங்கில் தனியிடம் ஒதுக்கியது.

1995இல் குழுவின் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா மறைந்தபின் குழு கலைந்தும் சொல் நிலைத்தது. பாடகர் ஜிம்மி பஃபெட்டின் ரசிகர்களுக்கு 1985இல் அமைந்த 'பாரட்ஹெட்' இதன் வார்ப்பே.