இலவம்பஞ்சு லைஃப் ஜாக்கெட்

போன மாதம் ஓர் ஏரியில் படகேறப் போனபோது, ஏழு வயது மகளுக்குப் பெரியவர்கள் போடுகிற லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தார்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். காது வரைக்கும் ஏறிவிட்டது. "சும்மா பேருக்குப் போட்டுக்கங்க சார், அரை மணி நேரம்தானே" என்றார் படகுக்காரர். நாங்கள் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து இந்த ஜாக்கெட்டின் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன். அது எங்கள் தேனிப் பக்கமே வந்து நின்றது!

1854-ல் இங்கிலாந்தின் கேப்டன் வார்ட், மீட்புப் படகுக்காரர்களுக்காகத் தக்கையில் ஒரு ஜாக்கெட் செய்தார். 1861-ல் விட்பியில் புயலடித்தபோது மீட்புப் படகு கவிழ்ந்து, 13 பேரில் 12 பேர் இறந்துபோனார்கள். பிழைத்தவர் ஹென்றி ஃப்ரீமன். புது ஜாக்கெட்டைப் போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

1904-ல் தக்கையின் இடத்துக்கு இலவம்பஞ்சு வந்தது. ஆமாம், போடி, வருசநாடு பக்கம் விளைகிற, நாம் தலகாணியில் அடைக்கிற அதே பஞ்சுதான். அதன் இழை உள்ளே குழல் மாதிரி காற்றடைத்தது, வெளியே மெழுகுப் பூச்சு. தண்ணீர் லேசில் உள்ளே போகாது. தன் எடையைப் போல 30 மடங்கு வரை மிதக்க வைக்கும். 1942-ல் ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் இலவம்பஞ்சு வரத்து நின்றது. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் எருக்கு இனச் செடியின் காய்களைப் பொறுக்கிக் கொடுத்தார்கள், ஜாக்கெட்டுக்குள் அடைக்க. இன்றைக்கு அந்த இடத்தில் ஃபோம் இருக்கிறது.

பொருள் மாறிக்கொண்டே வந்தது. பிரச்சினை அங்கே இல்லை. கம்பத்திலிருந்து மலையேறினால் குமுளி, அதை ஒட்டித் தேக்கடி. 2009 செப்டம்பர் 30 மாலை, அந்த ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பயணிகள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அங்கே அது கட்டாயமானது.

குழந்தைகளுக்குப் 'போட்டால் போதும்' என்பதும் சரியில்லை. உடம்போடு ஒப்பிட்டால் அவர்களுக்குத் தலை கனம். அதனால் தலையைத் தாங்கும் காலர் வேண்டும். தொடைகளுக்கு நடுவே மாட்டும் பட்டை இல்லையென்றால் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே நழுவும். வயதைப் பார்த்து வாங்காதீர்கள், எடையைப் பாருங்கள். எல்லாப் பட்டையையும் மாட்டிவிட்டுத் தோளில் தூக்குங்கள். முகவாயைத் தாண்டி ஏறினால் அது வேண்டாம். கையில் மாட்டும் காற்றுப்பைகள் விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான்.

மகளின் எடைக்கு ஏற்ற ஒன்றை வாங்கிக் காரில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த படகுக்கு அதோடுதான் போவோம்.