தவளையும் பருந்தும்

கோவையிலிருந்து ஈரோட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் விஜயமங்கலம் வந்ததும் தலையை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. அங்கே சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்கு ஒரு பழைய சமணக் கோயில் இருக்கிறது. பக்கத்திலுள்ள சீனாபுரந்தான் பவணந்தி முனிவரின் ஊர் என்பது கொங்கு நாட்டார் பரம்பரையாகச் சொல்லி வருவது. இல்லை, மைசூர்ப் பக்கம் என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. கொங்கு மண்ணில் பிறந்தவனுடைய தீர்ப்பை யார் ஒப்புக்கொள்வார்கள்?

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், சீயகங்கன் என்ற கங்கச் சிற்றரசன் கேட்க அவர் இயற்றியது நன்னூல். இலக்கணம் என்று பயந்து மூடிவிடுகிறோம். ஆனால் எழுத்துக்கே வருமுன் 55 நூற்பாக்களில் பாயிரம் பேசுகிறார்: நூல் என்றால் என்ன, அதை எப்படி அடுக்குவது, ஆசிரியன் எப்படிச் சொல்வது, மாணாக்கன் எப்படிக் கேட்பது.

சென்ற கோடை விடுமுறையில் என் மகள் வயிற்றுப் பேரன் ஒரு பயிற்சித் தாளுடன் வந்தான். ஒரு கட்டுரையைக் கொடுத்து, அது காலவரிசையில் செல்கிறதா, காரணமும் விளைவும் சொல்கிறதா, இரண்டை ஒப்பிடுகிறதா என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள். புதிய பாடமாம்! நான் நன்னூலை எடுத்தேன். நூற்பாக்கள் ஒன்றோடொன்று தொடர்வதை முனிவர் நான்காகப் பிரிக்கிறார். ஆற்றொழுக்கு: நொய்யல் போல இடையறாமல் ஒன்றன்பின் ஒன்று. அரிமா நோக்கு: சிங்கம் நடந்துகொண்டே முன்னும் பின்னும் பார்ப்பது. தவளைப் பாய்த்து: நடுவே உள்ளதைத் தாண்டி அடுத்ததோடு சேர்வது. பருந்தின் வீழ்வு: தூரத்திலிருந்து பாய்ந்து வேண்டியதை மட்டும் கவ்விக்கொண்டு போவது. நூல் அமைக்கும் உத்திகள் முப்பத்திரண்டு என்றும் சொல்கிறார். தொல்காப்பியத்திலும் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்திலும் இதே கணக்குத்தான்.

"பத்துக் குற்றம் தெரியுமா?" என்றேன். மூச்சுவிடாமல் ஒப்பித்தான். இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்ததாம். "உன் தாளிலுள்ள கட்டுரையில் எந்தக் குற்றம் இருக்கிறது?" என்றேன். விழித்தான். எனக்கு மனசு கஷ்டப்பட்டது. கண்ணால் பார்ப்பதற்காக ஒரு முனிவர் ஆற்றையும் தவளையையும் கொண்டுவந்து நிறுத்தினார். நாம் அவற்றை வாய்க்கு மட்டும் கொடுத்துவிட்டோம்.

பென்சிலைக் கொடுத்து, சொன்னதையே சொல்லும் இடங்களைக் கோடிடச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் மூன்று இடம் பிடித்தான். உற்சாகம் பிறந்துவிட்டது. மேஜைமேல் கிடந்த என்னுடைய கையெழுத்துப் பிரதியை இழுத்துக்கொண்டான். இரண்டாம் பக்கத்தில் பென்சில் நின்றது.

"ஏனுங்க அப்பிச்சி, இது தவளைங்களா, வழி தப்பிப் போன தவளைங்களா?"