பாடத் தெரிவும் சமுதாயமும்

கலைப்பீடத்திற் பொதுப் பட்டத்துக்குப் பயிலப் புகும் மாணவர் மூன்று பாடங்களைத் தெரிந்தெடுத்தல் வழக்கமாக இருந்து வந்துள்ளது. இது மாணவரின் சொந்த விருப்பத்தைப் பொறுத்த காரியமென்றே பலரும் எண்ணுகின்றனர். ஆர்வமுள்ளதைப் படி என்று பெரியோர் புத்தி கூறுவர். அடுத்த கணமே, அதற்கு என்ன உத்தியோகம் கிடைக்கும் என்றும் கேட்பர். ஆயினும் எந்தப் பாடத்தோடு எந்தப் பாடம் சேரலாம் என்பதை, மாணவரின் விருப்பத்திலும் பார்க்க வேறு சக்திகளே பெரும்பாலும் நிர்ணயித்து வந்தன என்பதை நமது உயர்கல்வி வரலாறு காட்டுகிறது.

1921 இற் கொழும்பில் நிறுவப்பட்ட யூனிவர்சிற்றிக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் இருக்கவில்லை. அங்கு பயின்றோர் லண்டன் சர்வகலாசாலையின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே தோற்றினர். எவை பாடங்கள், அவை எவ்வாறு தொகுக்கப்படவேண்டும் என்பனவெல்லாம் கடலுக்கு அப்பாலே தீர்மானிக்கப்பட்டன. ஆங்கிலமும் லத்தீனும் கற்றவர் கனவானாகவும், தமிழைத் துறைபோகக் கற்ற பண்டிதர் மற்றோர் உலகத்தவராகவும் மதிக்கப்பட்ட காலம் அது. நவீன விஞ்ஞானமும் நமது பழைய இலக்கியமும் ஒரே மாணவனின் மேசையிற் சந்திப்பதற்கு அந்த அமைப்பில் இடமில்லை.

அமைப்பு இடந்தராததை ஒருவர் தாமாகவே செய்து காட்டினார். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிற் சித்தியெய்தினார். சில ஆண்டுகளின் பின் லண்டன் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். ஒன்றையொன்று அறியாத இரு நிறுவனங்களின் இரு பத்திரங்கள் அவை. இவ்விரண்டு கல்வியும் ஒருவரிடத்தே கூடியதன் பயனை 1947 இல் வெளிவந்த ‘யாழ் நூலி’லே காண்கிறோம். சிலப்பதிகார அரங்கேற்று காதையிற் கூறப்படும் இசை இலக்கணத்தை, நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்குமுள்ள கணித விகிதங்களைக் கொண்டு அவர் ஆராய்ந்தார். மறைந்துபோன யாழ்களின் உருவத்தையும் இசையையும் மீட்டறிய முயன்றார். வெறும் புலவரால் இதனைச் செய்திருக்க முடியாது. வெறும் பௌதிக ஆசிரியருக்கு இப்படியொரு வினா எழுந்தே இராது. பாடச் சேர்க்கை என்பதன் உண்மையான பொருளை அறிய விரும்புவோர் சர்வகலாசாலைக் கைந்நூல்களைப் புரட்டுவதற்கு முன்னர் இந்நூலைப் புரட்டிப் பார்த்தல் நன்று.

1942 இல் இலங்கைச் சர்வகலாசாலை உதயமாயிற்று. அடுத்த ஆண்டிலேயே விபுலாநந்தர் அதன் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். லண்டனின் பிடி தளர்ந்ததாயினும் லண்டனின் படிநிலை போகவில்லை. ஒரு துறையில் ஆழ்ந்து பயில்வோருக்குச் சிறப்புப் பட்டம். மூன்று பாடங்களைப் பயில்வோருக்குப் பொதுப் பட்டம். முன்னையது அறிஞருக்கு, பின்னையது ஆசிரியருக்கும் உத்தியோகத்தருக்கும் என்ற எண்ணம் வேரூன்றியது. மூன்று பாடங்களைப் படித்தவன் மூன்றிலும் அரைகுறை என்ற ஏளனத்தை நாம் ஏற்பதற்கில்லை. பேராதனையிற் பயின்ற க. கைலாசபதி பேர்மிங்காமிலே கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் ஆராய்ந்து, சங்கச் செய்யுளைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டமை யாவரும் அறிந்ததே. 1968 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது நூல், தமிழ், கிரேக்கம், சமூக வரலாறு என்ற மூன்று வேலிகளையும் தாண்டியே எழுதப்பட்டது.

1945 இல் வந்த இலவசக் கல்வி கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சர்வகலாசாலையின் வாயிலைத் திறந்தது. 1960 அளவிற் கலைப்பீடத்திற் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. இது மாபெரும் ஜனநாயக வெற்றி. 1942 இல் ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த மாணவர் தொகை அறுபதுகளின் நடுப்பகுதியிற் பதினாயிரத்தைத் தாண்டியது. ஆனால் வாயில் திறந்ததேயன்றி, உள்ளேயிருந்த அறைகள் எல்லாம் திறக்கவில்லை. கிராமப் பாடசாலைகளில் ஆய்வுகூடங்கள் இல்லை. ஆதலால் விஞ்ஞானம் நகரத்தாருக்கு, கலை கிராமத்தாருக்கு என்றாயிற்று. கலைப்பீடத்துள்ளும் தமிழிற் போதிக்க விரிவுரையாளர் உள்ள பாடங்களே தமிழ் மாணவருக்குரிய பாடங்களாயின. அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளும் மொழிபெயர்ப்பு நூல்களும் அருந்தொண்டு புரிந்தன. ஆயினும் நூல் வராத துறை மாணவனுக்கு எட்டாத துறையாகவே இருந்தது. இந்நிலையில் அவன் ‘தெரிந்தெடுத்தான்’ என்று கூறுவதிலே எவ்வளவு உண்மையிருக்கிறது?

பட்டம் பெற்றவர்களுக்கு உத்தியோகமில்லை. 1971 ஏப்ரிற் கிளர்ச்சியிற் படித்த கிராமப்புற இளைஞரே பெருமளவிற் பங்கெடுத்தனர். அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு, படித்தோரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் தொழிலுக்குமிடையே உள்ள பிளவை ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பித்தது. அன்று தொடக்கம், பயனற்ற பாடங்களைப் படித்தார்கள் என்று கலைப் பட்டதாரிகள் மீதே பழி சுமத்துவது வழக்கமாகிவிட்டது. வேறு பாடங்களை அவர்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டவர் சிலரே. 1972 இற் சர்வகலாசாலைகள் யாவும் ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கப்பட்டு, துறைகள் வளாகங்களுக்கிடையே மாற்றியமைக்கப்பட்டன. ஒரு பாடம் வேறோர் ஊருக்குப் போனபோது அதனோடு சேரக்கூடிய சேர்க்கைகளும் போயின. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் ஆரம்பமானபோது கைலாசபதியே அதன் முதற் தலைவரானார்.

இன்றும் பாடத் தெரிவு சர்வகலாசாலை வாயிலில் ஆரம்பிப்பதன்று. உயர்தர வகுப்பிற் கலைப்பிரிவு மாணவி மூன்று பாடங்களுக்குத் தோற்றுகிறாள். 2001 முதல் அனுமதிக்கு இசட் புள்ளியே அளவுகோல். தன் பாடசாலையில் ஆசிரியர் உள்ள பாடங்களையும், புள்ளி கிடைக்குமென்று ரியூட்டரியிற் சொல்லப்படும் பாடங்களையுமே அவள் எடுக்கிறாள். வன்னியிலோ தோட்டப்புறத்திலோ உள்ள பாடசாலையில் அளவையியலுக்கோ பொருளியலுக்கோ ஆசிரியர் இல்லையென்றால், பல்கலைக்கழகத்தில் அவள் எதை எதனோடு படிப்பாள் என்பது பதினாறாம் வயதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதியை நேரசூசி முடிக்கிறது: ஒரே மணிக்கு வைக்கப்பட்ட இரு பாடங்களை ஒருவர் எவ்விதம் படிப்பது? அவள் தமிழோடு புள்ளிவிபரவியலையும் படிக்க விரும்பினால், கலைப்பீடம் முதலில் அவளுக்காக மாற்றவேண்டியது அந்த நேரசூசியைத்தான்.