கணினியில் ஒரு பாகப்பிரிவினை

லினக்ஸ் என்றதும் நம் வயதுக்காரர்கள் பலர், "அதெல்லாம் இன்ஜினீயரிங் படிக்கிற பசங்களுக்கு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டுமே என்ற பயம் என்பார்கள். என்னைக் கேட்டால், வீட்டுக்காரர்களை அதிகம் விரட்டியது ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கும் வேலைதான்.

புதிதாக வரும் இயங்குதளத்துக்கு டிஸ்க்கில் தனி இடம் வேண்டும். ஏற்கெனவே விண்டோஸ் முழு வீட்டையும் பிடித்து உட்கார்ந்திருக்கும். நடுவில் சுவர் எழுப்பி இருவருக்கும் பாகம் பிரிக்க வேண்டும். சுவர் தப்பான இடத்தில் விழுந்தால் உள்ளே இருக்கும் சாமான்கள் போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே இது நடந்தது. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த அவர் 1991 தொடக்கத்தில் ஒரு 386 கணினி வாங்கி, பாடம் நடத்துவதற்காக எழுதப்பட்ட மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை அதில் போட்டிருந்தார். தான் எழுதுவது வெறும் பொழுதுபோக்குதான் என்று அந்த ஆகஸ்ட் 25 அன்று மற்ற மினிக்ஸ்காரர்களுக்குச் சொன்னார். பிறகு ஒரு நாள், மோடத்துக்குப் போக வேண்டிய கட்டளை ஹார்ட் டிஸ்க்குக்குப் போய், மினிக்ஸ் இருந்த பகுதி பாழானது. மறுபடி மினிக்ஸைப் போடுவானேன் என்று தன்னுடையதையே முழுநேரமும் ஓட்ட ஆரம்பித்தார்.

அவருக்கு அது லாபமாக முடிந்தது. மற்றவர்களுக்கு? 1993 ஜூலையில் வந்த ஸ்லாக்வேர் 24 ஃபிளாப்பிகளில் அடங்கியது. ஒவ்வொன்றாகச் செருகி எடுக்க வேண்டும். ஒன்று கெட்டாலும் வேலை நின்றுவிடும். ஃபிப்ஸ் என்ற சின்ன நிரலால் பழைய பகுதியைச் சுருக்கலாம். ஆனால் அதற்கு முன் கோப்புகளையெல்லாம் டிஸ்க்கின் முன்பக்கம் ஒதுக்கிவிட வேண்டும். நகலும் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் 90களின் பிற்பாதியில் பிசி குவெஸ்ட் இதழோடு லினக்ஸ் சிடி இலவசமாக வந்தது. வாங்கினோம், ஆசையாகப் பார்த்தோம், அலமாரியில் வைத்தோம்.

நிலைமையை மாற்றியது 'லைவ் சிடி'. ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000-இல் வெளியிட்ட நாப்பிக்ஸ் அந்த வகையைப் பரவலாக்கியது. சிடியைப் போட்டு கணினியை முடுக்கினால், டிஸ்க்கைத் தொடாமல் சிடியிலிருந்தே முழு லினக்ஸும் ஓடும். அணைத்தால் கணினி பழையபடி. 2004 அக்டோபரில் வந்த உபுண்டு ஒரு படி மேலே போனது. கேட்டவர்களுக்கெல்லாம் உறையில் போட்டு, தபால் செலவும் இல்லாமல் சிடி அனுப்பினார்கள்! 2006 ஜூனில் வந்த 6.06 பதிப்பில், ஓட்டிப் பார்க்கிற அதே சிடியிலிருந்தே நிறுவவும் முடிந்தது.

அந்தப் பதிப்புதான் எங்கள் வீட்டுக்கும் வந்தது. பென்டியம் 4, 256 எம்பி நினைவகம், 40 ஜிபி டிஸ்க். பென் டிரைவ் வழியாக வைரஸ் வந்து வந்து விண்டோஸ் எக்ஸ்பி தள்ளாடிக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் என் அப்பாவின் நாட்குறிப்புகள் இருந்தன. செல்லரித்த நோட்டுகளைப் பார்த்து இரண்டு வருடமாக நான் தட்டச்சு செய்தவை. நோட்டுகளில் பாதி அதற்குள் உதிர்ந்தே போயிருந்தன.

"ஏங்க, அது போச்சுன்னா திரும்ப எதைப் பார்த்து அடிப்பீங்க?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி.

கடையில் கொடுத்து எல்லாவற்றையும் இரண்டு சிடிகளில் ஏற்றி வாங்கி வந்தேன். பிறகு ஒரு வாரம் லைவ் சிடியில் மட்டுமே ஓட்டினேன். ஆமை வேகம்தான். ஞாயிறன்று அக்கா மகன் வந்து, "மாமா, இதிலிருந்து உங்க விண்டோஸ் பக்கத்தைப் படிக்கலாம், ஆனா எழுத முடியாது" என்று திறந்து காட்டினான். என்னிடம் இருந்த பழைய தமிழ் எழுத்துரு அதில் இல்லாததால் நாட்குறிப்பு பூச்சி பூச்சியாகத் தெரிந்தது. ஆனால் பக்கங்கள் அத்தனையும் இருந்தன. படிக்க முடியும், கெடுக்க முடியாது என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

அதன் பிறகுதான் பிரித்தோம். திரையில் ஒரு பட்டை. அதை இழுத்து விண்டோஸுக்கு 28 ஜிபி விட்டு, மீதியை லினக்ஸுக்குக் கொடுத்தோம். சுருக்கும் வேலை நடந்தபோது மின்சாரம் போகக் கூடாதே என்று மனைவி யுபிஎஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மற்றதெல்லாம் ஊர், நேரம், பெயர், கடவுச்சொல் என்று படிவம் நிரப்புவது போலத்தான். முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தது.

உள்ளே இருந்த மோடம் மட்டும் லினக்ஸில் கடைசிவரை பேசவில்லை. விண்டோஸையே நம்பிச் செய்யப்பட்ட மலிவு மோடங்களின் குணம் அது. வெளியே வைக்கும் மோடம் ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.

இலவச சிடி அனுப்புவதை உபுண்டு 2011 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. இப்போது பென் டிரைவிலிருந்தே லைவ் சிடி போல ஓட்டலாம், அதுவும் வேகமாக. முயல நினைப்பவர்கள் முதலில் வேண்டியவற்றை வேறோர் இடத்தில் நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வாரம் டிஸ்க்கைத் தொடாமல் ஓட்டுங்கள். பாகம் பிரிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.