யூரியாவும் மண்ணுயிரும்: உத்திரமேரூர் வட்டத்து ஏரிப்பாசன வயல்களை முன்வைத்து

இரசாயன உரம் மண்ணின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுகிறது என்னும் கூற்று பரவலாக வழங்கினாலும், நீண்டகால வயலாய்வுகள் அதனை அப்படியே ஏற்கவில்லை. உலகெங்கும் நடந்த 64 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து கெய்ஸ்லரும் ஸ்கோவும் 2014இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, உரமே இடாத நிலத்தைவிட உரமிட்ட நிலத்தில் நுண்ணுயிர்த் திரள், அதாவது மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் மொத்த அளவு, சராசரியாக 15 விழுக்காடு மிகுந்தே இருந்தது. பயிர் செழித்தால் மண்ணில் எஞ்சும் வேரும் தாளும் பெருகி நுண்ணுயிர்களுக்கு இரையாகின்றன. கார அமில நிலை 5க்குக் கீழிறங்கிய மண்ணில்தான் உரம் அத்திரளைக் குறைக்கும் போக்குத் தென்பட்டது.

ஆயினும் திரளின் அளவைக் கொண்டு உரத்தைக் குற்றமற்றதெனத் தீர்ப்பது தவறு. எவ்வகை உயிர்கள் தம் தொழிலைச் செய்கின்றன என்பதே முதன்மையான வினா. மானாம்பதி உள்ளிட்ட உத்திரமேரூர் வட்டத்து ஊர்களில் நெல்வயலில் நீர் கட்டி, மேலுரமாக யூரியாவைத் தூவும்போது நிகழ்வதை நோக்கினால் இது விளங்கும். யூரியேஸ் என்னும் நொதி யூரியாவைச் சில நாட்களில் அம்மோனியமாக மாற்றுகிறது. அம்மோனியம் எளிதில் கிடைக்கும்வரை, காற்றின் தழைச்சத்தை நிலைப்படுத்தும் நீலப்பச்சைப்பாசி, பேராற்றல் செலவாகும் அவ்வேலையை நிறுத்திக்கொள்கிறது. அதே வேளையில் பிற பாசிகள் தழைத்து, பகல் வெயிலில் நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் நீரின் காரத்தன்மை ஏறி, அம்மோனியா வளியாகி வெளியேறுகிறது. உழவர் இட்ட தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றில் கலக்க, வயல் தானே ஈட்டியிருக்கக்கூடிய தழைச்சத்தும் கிட்டாமற்போகிறது. நெல்வயலின் நீலப்பச்சைப்பாசி தழைச்சத்தை நிலைப்படுத்துவதை இந்திய அறிவியலாளர் பி. கே. தே 1939ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. மேட்டுநிலத்து நிலக்கடலையிலும் இதுவே நிலை: மணிச்சத்து மிகுந்த மண்ணில், அதனைத் தேடித் தரும் வேர் உட்பூசணத்துடன் பயிர் கொள்ளும் உறவு தளர்கிறது.

இவற்றினும் பெரிய கேடு மறைமுகமானது. ஏரி வண்டல், ஆட்டுக்கிடை, தொழுவுரம், தக்கைப்பூண்டு ஆகியவை பயிருக்குச் சத்தையும் நுண்ணுயிர்களுக்குக் கரிமத்தையும் ஒருசேர அளித்தன. மூட்டையில் வந்த உரமோ முதலாவதை மட்டும் அளித்து, இரண்டாவதைத் தேவையற்றதெனத் தோன்றச் செய்தது. 1909இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட நிலையான உர ஆய்வும் நாட்டின் பிற நீண்டகால ஆய்வுகளும், சமச்சீர் உரத்துடன் தொழுவுரம் சேர்ந்த நிலமே நுண்ணுயிர் வளத்தில் முன்னிற்பதைக் காட்டியுள்ளன. எனவே முதன்மையான குறை உரமிடுதலில் அன்று, எருவைக் கைவிட்டதில் உள்ளது. உழவரை மட்டும் இதற்குப் பொறுப்பாக்குவது முறையன்று; 2010இல் வந்த சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் யூரியாவைச் சேர்க்காது அதன் விலையைத் தாழ்த்தியே வைத்ததால், மலிவானதை மிகுதியாக இடும் வழக்கத்தை அரசின் கொள்கையே ஊக்குவித்தது.

2015இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டை 12 அளவைகளைத் தருகிறது. அவற்றுள் கரிமச்சத்து உண்டு. உயிர்ச்செயலை நேரடியாகக் காட்டும் அளவை ஒன்றுமில்லை. ஈரமண்ணை மூடிய குடுவையில் வைத்து, அது வெளியிடும் கரியமில வாயுவைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் பிடித்து அளக்கும் மண் சுவாசச் சோதனை, எளிய ஆய்வகத்திலும் செய்யத்தக்கது. அதனைப் பதின்மூன்றாம் அளவையாகச் சேர்த்தால், தக்கைப்பூண்டை மடக்கி உழுத வயலுக்கும் யூரியாவை மட்டுமே நம்பிய வயலுக்கும் உள்ள வேறுபாட்டை உழவர் தம் அட்டையிலேயே காணலாம்.